மருட்சி மறந்த மான்கள்

மான் என்றாலே மருட்சிதான் நம் நினைவுக்கு வரும். சருகு அசைந்தால் காதை நிமிர்த்தும். காற்று திசைமாறி மனித வாடை மூக்கில் பட்டால் அடுத்த நொடி புதருக்குள் மறைந்துவிடும். அப்படிப்பட்ட உயிர், மனிதன் பத்தடி தொலைவுக்கு வந்த பிறகும் ஓடாமல், நான்கு கால்களையும் அகல ஊன்றி, தலையைத் தோள்மட்டத்துக்குக் கீழே தொங்கவிட்டு, காதுகள் சரிய, கடைவாயில் எச்சில் நூலாக இறங்க, எதையும் பாராத பார்வையோடு நின்றால் பார்ப்பவர் மனம் பதைக்கத்தான் செய்யும். விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். நடக்க முயன்றால் பின்னங்கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். வட அமெரிக்கக் காடுகளிலிருந்து வரும் இத்தகைய காட்சிகளுக்கு ஊடகங்கள் ‘ஜாம்பி மான்’ என்று பெயர் சூட்டிவிட்டன.

இந்தப் பெயர் எனக்கு உடன்பாடானதல்ல. செத்தும் எழுந்து நடமாடி மற்றவரைக் கடிக்க வரும் கற்பனைப் பிறவிக்கும், மூளை கரைந்து கொண்டிருக்கும் ஒரு சாதுவான விலங்குக்கும் ஒப்புமையே இல்லை. பெயர் கொடூரமாக இருப்பது ஒரு குறை என்றால், அது நம் கவனத்தைத் தவறான இடத்துக்கு இழுத்துச் செல்வது அதைவிடப் பெரிய குறை. தள்ளாடும் மானைக் கண்டதும் நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது போலவும், தள்ளாடாத மான்கள் நலமாக இருப்பது போலவும் ஓர் எண்ணம் பரவுகிறது. இரண்டுமே பிழை. ஒரே தள்ளாட்டத்துக்குப் பின்னால் அரை டஜன் காரணங்கள் இருக்கக்கூடும். அவற்றுள் மிகக் கொடிய காரணமோ, தன் ஆயுளின் பெரும்பகுதியில் எந்த அடையாளமும் காட்டுவதில்லை.

அந்தக் கொடிய காரணத்துக்கு நாள்பட்ட மெலிவு நோய் என்று பெயர். 1967இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ஃபோர்ட் காலின்ஸ் நகரில் இருந்த வனவிலங்கு ஆய்வுக்கூடத்தில் அடைத்து வளர்க்கப்பட்ட மியூல் மான்களிடம் இது முதன்முதலாகக் கவனிக்கப்பட்டது. கழுதையின் காதைப் போல நீண்ட காதுகள் உடைய மேற்கத்திய மான் இனம் அது. நல்ல தீனி கிடைத்தும் சில மான்கள் வாரக்கணக்கில் மெலிந்து, குணம் மாறி, எலும்பும் தோலுமாகிச் செத்தன. சிறைப்பட்ட மனஅழுத்தமோ, தீவனத்தில் ஏதேனும் சத்துக் குறைவோ, நச்சுப்பொருளோ என்று பத்தாண்டுக்கும் மேலாக ஐயம் நீடித்தது. 1970களின் பிற்பகுதியில், அப்போது ஆய்வு மாணவியாக இருந்த எலிசபெத் வில்லியம்ஸ், இறந்த மான்களின் மூளைச் சீவல்களை நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் விடை தெரிந்தது. நரம்பணுக்களுக்குள் குமிழ் குமிழாகத் துளைகள் விழுந்து, மூளைத் திசு கடற்பஞ்சைப் போலாகியிருந்தது. செம்மறி ஆடுகளைத் தாக்கும் ஸ்க்ரேபி நோயில் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அறியப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்த நோய் இது என்பது அந்தத் துளைகளால் தெளிவாயிற்று. 1981இல் கொலராடோவின் ராக்கி மலைத் தேசியப் பூங்காவில், காட்டில் திரிந்த, எல்க் எனப்படும் பெரிய மான் ஒன்றிடமும் இதே நோய் உறுதியானது. ஆட்டு நோய் மானுக்குத் தாவியதா, மானின் உடலிலேயே தானாக ஒருநாள் தோன்றியதா என்பதில் ஆய்வாளர்களிடையே இரு கருத்துகள் இன்றும் உள்ளன.

இந்நோயை உண்டாக்குவது பாக்டீரியாவும் அன்று, வைரஸும் அன்று. பிரியான் எனப்படும் ஒரு புரதம். 1982இல் ஸ்டான்லி புருசினர் இந்தப் பெயரைச் சூட்டியபோது, மரபுப் பொருள் துளியும் இல்லாத வெறும் புரதம் தொற்றுநோயை உண்டாக்க முடியும் என்பதை அறிவியல் உலகில் பலர் ஏற்கவில்லை. 1997இல் அதற்காகவே அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பாலூட்டிகள் அனைத்தின் நரம்பணுக்களிலும் இந்தப் புரதம் இயல்பாகவே இருக்கிறது. புரதம் என்பது நீண்ட சங்கிலி. அது எப்படி மடிகிறது என்பதைப் பொறுத்தே அதன் குணம் அமையும். தப்பாக மடிந்த பிரியான் ஒன்று, தன்னைத் தொடும் நல்ல பிரியானையும் தன் மடிப்புக்கே திருப்பிவிடுகிறது. அது இன்னொன்றைத் திருப்பும், அது மற்றொன்றை. பாலில் விழுந்த உறைமோரைப் போலத்தான். உறைமோரில் இருப்பதோ உயிருள்ள நுண்ணுயிர். இங்கே உயிரே இல்லை. ஆகவே கொல்வதற்கும் எதுவும் இல்லை. உடலின் சொந்தப் புரதமே உருமாறுவதால் நோய் எதிர்ப்பு மண்டலமும் அதைப் பகையென்று இனங்காண்பதில்லை. காய்ச்சல் வராது, வழக்கமான எதிர்ப்புப் பொருள் சோதனையில் சிக்காது, இதுவரை தடுப்பூசியோ மருந்தோ கிடையாது.

மானின் உடலுக்குள் இது செல்லும் வழியை ஆய்வாளர்கள் படிப்படியாகத் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். வாய்வழியாக நுழையும் பிரியான் முதலில் தொண்டைச் சதையிலும் குடலோர நிணநீர்த் திசுக்களிலும் தங்குகிறது. சோதனைக்கு உட்படுத்திய மான்குட்டிகளில் ஆறே வாரத்தில் அங்கே தென்பட்டது. பிறகு நரம்புகளைப் பற்றிக்கொண்டு மெல்ல மேலேறுகிறது. மூளையில் அது முதலில் படியும் இடம், மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில், வேகஸ் நரம்பு தொடங்கும் ஒரு சிறு நரம்பணுத் திரள். தொண்டை, இரைப்பை, குடல் ஆகியவற்றுக்குக் கட்டளை அனுப்புவது இந்த நரம்புதான். இதைத் தெரிந்துகொண்டு அந்த மானை மீண்டும் பார்த்தால் ஒவ்வொரு அடையாளத்துக்கும் பொருள் விளங்கும். எச்சில் ஒழுகுவது வெறியால் அன்று, விழுங்க முடியாததால். நோயுற்ற மான்கள் பல இறுதியில் நுரையீரல் அழற்சியால் இறப்பதும் இதனால்தான்: விழுங்கிய தீனியும் எச்சிலும் மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடுகின்றன. உடல் நீரைச் சமன்செய்யும் மூளைப் பகுதி பழுதடையும்போது தாகம் அடங்காமல் ஓடையருகிலேயே நின்று குடித்துக் குடித்து, நிறமற்ற நீராகச் சிறுநீர் கழிக்கிறது. அச்சத்தை எழுப்ப வேண்டிய நரம்புகள் ஒவ்வொன்றாக அவியும்போது, பிறந்தது முதல் அதைக் காத்து வந்த மருட்சி விலகிவிடுகிறது. துணிச்சல் போலத் தெரிவது உண்மையில் ஓர் இழப்பு.

கலக்கம் தருவது இதற்கு ஆகும் காலம். தொற்று ஏற்பட்டதிலிருந்து கண்ணுக்குத் தெரியும் அடையாளம் தோன்றும்வரை பெரும்பாலும் ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டு, சிலவற்றில் அதற்கும் மேல். அந்தக் காலம் முழுவதும் மான் மேய்கிறது, ஓடுகிறது, இணைசேர்கிறது, குட்டி ஈனுகிறது. கூடவே எச்சில், சிறுநீர், சாணம் வழியாகப் பிரியானையும் சிந்திக்கொண்டே இருக்கிறது. படத்தில் நாம் காணும் தள்ளாட்டம் கடைசிச் சில வாரங்களின் காட்சி மட்டுமே. பல மான்கள் அந்தக் கட்டத்தை எட்டுவதற்கு முன்பே வண்டியில் அடிபட்டோ, வேட்டையில் சுடப்பட்டோ, கொடும்விலங்கின் வாயில் சிக்கியோ இறந்துவிடுகின்றன. கொலராடோவில் நடந்த ஆய்வில், நோய்த்தொற்றுள்ள மியூல் மான்களை மலைச்சிங்கம் எனப்படும் பூமா மற்றவற்றைவிடப் பல மடங்கு அதிகமாக வேட்டையாடியது தெரியவந்தது. மனிதக் கண்ணுக்குப் புலப்படாத தளர்ச்சியைப் பூமாவின் கண் பிடித்துவிடுகிறது போலும்.

சிந்திய பிரியான் எங்கே போகிறது? மண்ணுக்குத்தான். களிமண் துகள்களோடு இறுகப் பிணைந்து ஆண்டுக்கணக்கில் அழியாமல் கிடக்கும். சில வகைக் களிமண்ணோடு சேரும்போது அதன் தொற்றும் ஆற்றல் கூடுவதையும் சோதனைகள் காட்டின. ஐஸ்லாந்தில் ஸ்க்ரேபி கண்ட ஆட்டுப்பட்டி ஒன்றை முற்றாகக் காலிசெய்து, 16 ஆண்டு கழித்தும் அங்கே நோய் தலைகாட்டியதாகப் பதிவு உண்டு. சமையல் சூடு பிரியானை அழிக்காது, ஃபார்மலினும் அழிக்காது, வெயிலும் பனியும் அதற்குப் பொருட்டே இல்லை. மான்கள் கூடி நக்கும் உப்புமண் திட்டுகளிலும், வேட்டைக்காரர்கள் மக்காச்சோளம் கொட்டிவைக்கும் இடங்களிலும் ஒரே தரையில் பல நாக்குகள் படுகின்றன. பல மாநிலங்களில் காட்டு மானுக்குத் தீனி வைப்பது தடைசெய்யப்பட்டதன் காரணம் இதுவே. அன்பினால் வைக்கும் தீனி அங்கே தொற்றின் பந்தியாகிவிடுகிறது.

இவ்வளவையும் சொன்ன பிறகும், விசித்திரமாக நடக்கும் மானெல்லாம் மெலிவு நோய் மான் என்று முடிவுகட்டக் கூடாது. முதலில் சொல்ல வேண்டியது மூளைப் புழு. கிழக்கு வட அமெரிக்காவின் வெண்வால் மான்களில் பெரும்பாலானவை, மூளையைச் சுற்றிய உறையில் மயிரிழை போன்ற ஒரு புழுவைச் சுமந்துகொண்டு எந்தத் தொல்லையும் இல்லாமல் வாழ்கின்றன. நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்ததில் இரண்டுக்கும் ஓர் உடன்பாடு ஏற்பட்டுவிட்டது எனலாம். மானின் சாணத்தில் வெளியேறும் புழுக்குஞ்சுகள் நத்தைகளிலும் ஓடில்லா நத்தைகளிலும் வளர்கின்றன. புல்லோடு ஒட்டிய நத்தையை அறியாமல் தின்னும் அடுத்த விலங்குக்குள் போகின்றன. அந்த விலங்கு மூஸ் எனப்படும் பேருருவ மானாக இருந்தால் உடன்பாடு இல்லை. வழிதெரியாத புழு அதன் தண்டுவடத்தையும் மூளையையும் துளைத்துக்கொண்டு அலைகிறது. மூஸ் ஒரே இடத்தில் வட்டமடிக்கும், பின்னங்கால் இழுபடும், சாலை நடுவில் வந்து நின்று மனிதரைக் கண்டும் நகராது. ‘மூஸ் நோய்’ என்று மட்டுமே காட்டுவாசிகள் சொல்லிவந்த இந்தப் புதிருக்கு, வெண்வால் மானின் புழுவே காரணம் என்பது 1960களில் கனடாவில் நிறுவப்பட்டது. வெளித்தோற்றத்தில் மெலிவு நோய் போலவே இருக்கும். காரணமோ முற்றிலும் வேறு.

இரண்டாவது, ஆண் மான்களை மட்டும் பெரும்பாலும் தாக்கும் மூளைச் சீழ்க்கட்டி. ஆண்டுதோறும் கொம்பு முளைத்து, அதைப் போர்த்திய மெல்லிய தோல் உரிந்து, பிறகு இணைசேரும் பருவத்தில் கொம்போடு கொம்பு மோதும்போது, கொம்பின் அடியில் சிறு காயங்கள் விழுகின்றன. தோலில் இயல்பாக வாழும் பாக்டீரியா அந்தக் காயத்தின் வழியே இறங்கி, மண்டையோட்டு எலும்பை அரித்து, மூளையில் சீழ் கோக்கிறது. இத்தகைய மானின் மண்டையோட்டைக் கழுவிக் காயவைத்துப் பார்த்தால், கொம்பு முளைத்த இடத்தருகே கரையான் அரித்த மரம் போலக் குழிகளும் துளைகளும் தெரியும். உயிரோடு இருக்கையில் ஒரு பக்கமாகச் சாயும், கண் தெரியாமல் மரத்தில் முட்டும், வட்டமடிக்கும். வயதான ஆண், கூதிர் முதல் இளவேனில் வரையான காலம், கொம்படியில் வடியும் சீழ் ஆகிய மூன்றும் சேர்ந்தால் அனுபவமுள்ள கால்நடை மருத்துவர் முதலில் இதைத்தான் ஐயப்படுவார்.

கோடை முடிவில் ஏரிக்கரையிலும் ஓடையோரத்திலும் மான்கள் கொத்துக் கொத்தாகச் செத்துக் கிடந்தால் அது பெரும்பாலும் வைரஸால் வரும் குருதிக்கசிவு நோய். கொசுவைவிடச் சிறிய ஒரு கடிபூச்சி பரப்பும் இந்நோய் 1955இல் நியூ ஜெர்சியில் இனங்காணப்பட்டது. கடும் காய்ச்சல் தாளாமல் தண்ணீரைத் தேடி வரும் மான் நாக்கு வீங்கி, தலை சுற்றி, ஒன்றிரண்டு நாளில் விழுந்துவிடுகிறது. முதல் உறைபனி விழுந்து பூச்சிகள் மடிந்ததும் சாவும் நின்றுவிடும். மெலிவதற்கே நேரமில்லாத விரைவுச் சாவு என்பதால் கொழுத்த உடலோடு கிடக்கும்; இதுவே மெலிவு நோயிலிருந்து இதைப் பிரித்தறியும் நல்ல அடையாளம். வெறிநோயும் மான்களுக்கு வரும். 1886–87இல் இலண்டனின் ரிச்மண்ட் பூங்காவில் அது மான்மந்தைக்குள் புகுந்து இருநூறுக்கும் மேற்பட்டவற்றைப் பலிகொண்டது. தாமிரச் சத்துக் குறைவால் பின்னங்கால் தளரும் நோய் சிவப்பு மான்களிடம் உண்டு. வண்டி மோதித் தலையில் அடிபட்ட மானும் தள்ளாடும். இணைசேரும் பருவத்து ஆண் மான் நோயே இல்லாமலும் மனிதரைப் பொருட்படுத்தாது. சுற்றுலாப் பயணிகள் ஊட்டி வளர்த்த மான் அஞ்சாமல் கை நோக்கி வரும். இவற்றையெல்லாம் கைபேசியில் படம்பிடித்து ஒரே பெயரில் பரப்புவதால் யாருக்கும் நன்மை இல்லை.

அப்படியானால் உறுதி எங்கே கிடைக்கும்? செத்த மானின் தலைக்குள். மெலிவு நோய் உள்ள மாநிலங்களில் வேட்டைப் பருவத்தில், சாலையோரச் சோதனைச் சாவடிகளுக்கு வேட்டைக்காரர்கள் மான் தலையைக் கொண்டுவருகிறார்கள். பணியாளர் கையுறை அணிந்து, தொண்டையின் பின்புறம் கீறி, இரு பக்கத்திலும் இருக்கும் நிணநீர்க் கணுக்களைத் தோண்டி எடுக்கிறார். தேவையானால் மண்டையோட்டின் பின்துளை வழியாகக் கரண்டியை விட்டு, முகுளத்தில் V வடிவில் முடியும் அந்தச் சிறு துண்டையும் எடுக்கிறார். எந்த இடத்தில் சுடப்பட்டது, ஆணா பெண்ணா, பல்தேய்வின்படி வயது என்ன என்பதையெல்லாம் சீட்டில் எழுதிக் கட்டுகிறார். முடிவு வர நாள்கள் ஆகும். அதுவரை இறைச்சி குளிர்பெட்டியில் காத்திருக்கும். இப்படி நோய் உறுதியாகும் மான்களில் மிகப் பல, சுடப்பட்ட அன்று கொழுத்து, பளபளக்கும் மயிரோடு, சற்றும் தள்ளாடாமல் நின்றவை. இந்நோயைப் பற்றி நான் அறிந்தவற்றுள் என்னை மிகவும் உலுக்கியது இச்செய்திதான்.

மனிதருக்கு இது தொற்றுமா என்ற கேள்வி இயல்பாக எழும். பிரிட்டனில் 1986இல் மாடுகளிடம் இனங்காணப்பட்ட ‘பைத்திய மாட்டு நோய்’, 1996இல் மனிதரிடமும் இனங்காணப்பட்டு அந்நாட்டில் மட்டும் 178 உயிர்களைக் கொண்டுபோன நினைவு இன்னும் ஆறவில்லை. அதுவும் பிரியான் நோயே. ஆனால் மானின் மெலிவு நோய் மனிதரைத் தாக்கியதாக இதுவரை ஒரு நேர்வும் நிறுவப்படவில்லை. 2005இல் நியூயார்க் மாநிலத்தின் ஒனைடா வட்டாரத்தில் நடந்த ஊர் விருந்தொன்றில் பரிமாறப்பட்ட மானிறைச்சி நோயுற்ற மானுடையது எனப் பின்னர் தெரிந்தது. உண்டவர்களில் எண்பதுக்கும் மேற்பட்டோரை ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் கண்காணித்தும் பிரியான் நோய்க்குரிய அறிகுறி எதுவும் காணப்படவில்லை. 2024இல் மானிறைச்சி உண்ட வேட்டைக்காரர் இருவர் மூளைநோயால் இறந்த செய்தி பரபரப்பாகப் பேசப்பட்டது. ஆனால் அத்தகைய மனித பிரியான் நோய் ஆண்டுக்குப் பத்து இலட்சத்தில் ஒருவர் இருவருக்கு மானோடு தொடர்பே இன்றித் தானாகவும் வருகிறது. குரங்குகளிடம் செய்த சோதனைகள் ஒன்றுக்கொன்று முரணான முடிவுகளைத் தந்திருக்கின்றன. எனவேதான் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம், நோய் உறுதியான மானை உண்ண வேண்டாம் என்று அறிவுறுத்துகிறது. அச்சமூட்டலுக்கும் அலட்சியத்துக்கும் இடையே நிற்கும் இந்த நிலைப்பாடு எனக்குச் சரியாகவே படுகிறது.

மான்களுக்கோ கேடு ஐயத்துக்கு இடமில்லாதது. வயோமிங் மாநிலத்தில் தொற்று மிகுந்த ஒரு பகுதியில் வெண்வால் மான்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு சரிந்தது ஆய்வில் தெரியவந்தது. 2002இல் முதல் நேர்வுகளைக் கண்ட விஸ்கான்சின், மந்தையை வெகுவாகக் குறைத்து நோயை ஒழிக்க முயன்றது. மக்கள் எதிர்ப்பால் பின்வாங்கியது. இன்று அம்மாநிலத்தின் தென்பகுதியில் சில இடங்களில் வளர்ந்த ஆண் மான்களில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் தொற்றுடையவை. 2023 நவம்பரில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவிலும் முதல் நேர்வு உறுதியானது. கனடாவிலிருந்து வாங்கிய எல்க் மான்கள் வழியாக இந்நோய் தென்கொரியாவையும் எட்டியிருந்தது. காட்டில் நடந்து பரவுவதைவிட மனிதர்களின் வாகனங்களில் ஏறியே இது நெடுந்தூரம் போயிருக்கிறது.

நார்வேயின் கதை மட்டும் வேறு விதமானது. 2016 மார்ச்சில் நோர்ட்ஃபியெல்லா மலையில், ரெயின்டீர் எனப்படும் பனிமான்களுக்குக் கண்காணிப்புக் கழுத்துப்பட்டை மாட்டுவதற்காக ஹெலிகாப்டரில் சென்ற ஆய்வாளர்கள், தளர்ந்து செத்துக்கொண்டிருந்த ஒரு பெண் ரெயின்டீரைக் கண்டார்கள். விஷயத்தை அப்படியே விட்டுவிடாமல் உடலைச் சோதனைக்கு அனுப்பியதால்தான் ஐரோப்பாவின் முதல் மெலிவு நோய் நேர்வு வெளிப்பட்டது. தயங்கினால் விஸ்கான்சின் நிலைதான் என்று உணர்ந்த அரசு, அந்த மலைப்பகுதியின் மந்தை முழுவதையும், ஏறத்தாழ 2,000 விலங்குகளை, 2018 மே மாதத்துக்குள் அழித்தது. அவற்றில் தொற்றிருந்தவை இருபதுக்கும் குறைவு. தலைமுறைகளாக அந்த மந்தையை அறிந்த வேட்டைக்காரர்களே துப்பாக்கி ஏந்தி அதில் பங்கேற்க வேண்டியிருந்தது. 2020இல் அண்மையிலுள்ள ஹார்டாங்கர்விட்டா பீடபூமியிலும் நோய் தென்பட்டபோது பலர் மனமுடைந்தார்கள். ஆயினும் நோர்ட்ஃபியெல்லாவில், மண்ணில் தங்கிய பிரியான் குறைய வேண்டும் என்பதற்காக மேய்ச்சல் நிலத்தை ஆண்டுக்கணக்கில் தரிசாக விட்டு, ஆடுகளுக்கு உப்பு வைத்த இடங்களைச் சுற்றி வேலியிட்டார்கள். மான்கள் முன்பு கூடி நக்கிய அந்தத் திட்டுகளில், வேலிக்கு உள்ளே, புல் வளர்ந்து நின்றது. மேய்வதற்கு அங்கே எதுவும் வரவில்லை.